சனிக்கிழமைச் சிவப்பு

மேசைமேல் என் கைகள் இருபத்தொரு தடவை கிடந்தன.

நான் கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்பிய படங்களைத் திரு. யூன் சாதாரணக் கடதாசியில் அச்செடுத்து, வரிசைக்கு ஏழாக மூன்று வரிசையில், நாட்காட்டிபோல அடுக்கியிருந்தார். எல்லாப் படத்திலும் அதே வெள்ளைத் துவாய். அதே சமையலறை ஜன்னல் வெளிச்சம். அதே இரண்டு கைகள்.

அவர் ஒரு பென்சிலை எடுத்து ஒரு பத்தியின் மேல் நெடுக்காக வைத்தார்.

"சனிக்கிழமை," என்றார்.

பிறகு பென்சிலை ஒரு பத்தி நகர்த்தினார்.

"ஞாயிற்றுக்கிழமை."

பென்சில் கிடந்த இடத்திலெல்லாம் விரல்கள் சிவந்து வெடித்திருந்தன. புதன், வியாழன் படங்களில் சிவப்பு வடிந்து, தோல் கொஞ்சம் மனிதத் தோலாகத் தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் சிவப்பு. மூன்று வாரமும் அப்படியே.

"மதாம், வெள்ளிக்கிழமைகளில் என்ன நடக்கிறது?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை," என்றேன்.

எனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சூடாகும். அன்றைக்கும் சூடானது. திரு. யூன் அதைக் கவனித்திருப்பார். மனிதர் எதையும் கவனிக்காமல் விடுகிறவர் அல்ல.

ஒரு கொரிய வைத்தியரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நான் ஏன் பொய் சொன்னேன் என்று எழுதவேண்டுமானால், அதற்கு முந்திய ஜனவரியிலிருந்து தொடங்கவேண்டும்.

துணி மடிக்கும் அறை

நாங்கள் குடியேறியிருக்கும் பிரெஞ்சு பேசும் நகரத்தில், கர்க்லாண்ட் பகுதியில், ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, கழிவறைக்குக் கூட்டிப் போவது. பிறருக்குச் சொல்லும்போது பெருமையாகச் சொல்லும் வேலை அல்ல. ஆனால் எனக்கு அது பிடிக்கும். எனக்குப் பொறுமை குறைவு என்று என் வீட்டார் சொல்வார்கள். வீட்டில்தான் குறைவு. அங்கே இல்லை.

ஒவ்வொரு அறைக்குள் நுழையும்போதும் கிருமிநாசினி பூசவேண்டும். வெளியே வரும்போதும் பூசவேண்டும். இடையில் சவர்க்காரம், கையுறை, மறுபடி சவர்க்காரம். பல வருடமாக என் கைகள் அதைத் தாங்கின. அந்தக் குளிர்காலத்தில் போதும் என்று சொல்லிவிட்டன.

முதலில் விரல் இடுக்குகளில் அரிப்பு. பிறகு ஊசிமுனை அளவில் நீர்க் கொப்புளங்கள். அவை காய்ந்து செதிலாகி, மூட்டுகளில் கோடுகோடாக வெடித்தன. சட்டைப் பொத்தான் போடும்போது இரத்தம் பட்டது. தேசிக்காய் பிழிய முடியவில்லை. தோல் வைத்தியர் பார்த்துவிட்டு எக்சிமா என்றார். ஒரு பூச்சுமருந்து தந்தார். பூசினால் அடங்கியது, விட்டால் திரும்பி வந்தது.

எங்கள் தளத்துப் பொறுப்புத் தாதி ஒருநாள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வெடித்த கையோடு வயதானவர்களைத் தொடக்கூடாது, அவர்களுக்கும் கூடாது, எனக்கும் கூடாது என்றார். "வசந்தம் வரைக்கும் துணி அறையில் இரு. காய்ந்த துணி மடிக்கிற வேலை மட்டும். அதற்குப் பிறகும் தோல் மூடாவிட்டால், உன்னை அங்கேயே வைத்துக்கொள்வோம்."

அன்பாகத்தான் சொன்னார். கடுமையாகச் சொல்லியிருந்தால் நான் சண்டையாவது பிடித்திருப்பேன்.

துணி அறை நிலக்கீழில் இருந்தது. ஒவ்வொருவருடைய உடுப்பிலும் பெயர் எழுதிய துணுக்கு தைத்திருக்கும். பெயர் பார்த்துப் பிரித்து மடிக்கவேண்டும். மதாம் ஜெர்மேனுடைய இரவு உடுப்புகள் வரும்போதெல்லாம் என் கை நிற்கும். முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தவர், தொண்ணூறை நெருங்கியவர். அவருடைய தலையை என்னைத் தவிர வேறு யாரும் கழுவ விடமாட்டார். ஏனென்று யாருக்கும் தெரியாது. ஒருவேளை நான் பேசாமல் கழுவுவதால் இருக்கலாம்.

இரண்டாவது வாரம் மேலிருந்து துணிவண்டி தள்ளிக்கொண்டு வந்த பெண், மதாம் ஜெர்மேன் தலை கழுவ மறுக்கிறார், கிட்டப் போனால் அடிக்கிறார் என்றாள். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. நான் நிரந்தரமாகத் துணி அறைக்குப் போனால் சம்பளம் ஒன்றும் குறையாது. ஆனால் அந்தத் தலையை யார் கழுவுவார்கள்?

ஆளுக்கொரு வைத்தியம்

எக்சிமா என்றால் எங்கள் ஆட்களுக்குக் கரப்பன். கரப்பன், சிரங்கு, கிரந்தி எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார்கள். பெட்டியைத் திறக்கும் சாவி ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள்.

ஸ்கார்பரோவில் இருக்கும் பெரிய மச்சாள் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னார். லண்டனில் இருக்கும் சின்ன மச்சாள், மஞ்சளைக் கிட்டவும் கொண்டுபோகாதே, தேங்காயெண்ணெய்தான் என்றார். கத்தரிக்காய், இறால், நண்டு மூன்றையும் நிறுத்து என்பதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை. குடும்பத்தில் வேறு எந்த விடயத்திலும் அவர்கள் ஒத்துப்போனதை நான் கண்டதில்லை.

கொரிய மருந்தைச் சொன்னவர் உறவினர் அல்ல. டொலார்ட் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், தெப்பனூர் என்று இங்கே சொல்லும் மூலைக்கடையை நடத்தும் கொரியக்காரி மிசிஸ் ஹான்.

பதினைந்து வருடமாக அவரிடம் பால் வாங்குகிறேன். எங்களுக்குள் பேச்சு பொன்ஜூர், மெர்சி, குளிர், இன்னும் குளிர் என்ற அளவில்தான். ஒருநாள் பால் பையை வாங்க நான் கை நீட்டியதும், அவர் பையைக் கையில் தராமல் மேசையில் வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. என் கையைத் தொட அருவருக்கிறார் என்று நினைத்தேன். அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். தன் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே இழுத்து, உட்புற மடிப்பைக் காட்டினார். தோல் அங்கே கொஞ்சம் தடித்து நிறம் மங்கியிருந்தது.

"எனக்கும்," என்றார். "முந்தி. உன்னைவிட மோசம்."

பால் பையின் குளிர் பட்டால் வெடிப்பு எரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் மேசையில் வைத்தார். மனதில் திட்டியதற்கு மனதிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு, மிசிஸ் ஹானே எங்கள் காரில் ஏறி, ஷேர்புரூக் வீதி மேற்கில் ஒரு மாடிப்படிக்குக் கூட்டிப்போனார்.

நாடி பிடித்தவர்

படியேறும்போதே வேர் வாசம் வந்தது. உள்ளே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். திரு. யூனுக்கு அறுபது வயதிருக்கும். கம்பளிச் சட்டையும் வீட்டுச் செருப்பும் போட்டிருந்தார்.

"என்னை டொக்டர் என்று கூப்பிட வேண்டாம்," என்றார் முதலில். "கொரியாவில் நான் வைத்தியன். இங்கே அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை."

அந்த ஒரு வசனத்திலேயே அவரை நம்பத் தொடங்கினேன். எங்கள் ஆட்களில் ஊரில் ஒன்றாக இருந்து இங்கே வேறொன்றாக ஆனவர்கள் எத்தனை பேர். ஊரில் கணக்காளராக இருந்த என் கணவர் இங்கே ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் கண்ணாடி வெட்டுகிறார். அதைச் சிரிக்காமல், அழாமல் சொல்கிறவர்கள் குறைவு.

மூன்று விரலை என் மணிக்கட்டில் வைத்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். தூக்கம், தாகம், வியர்வை எல்லாம் விசாரித்தார். மலம் எப்படிப் போகிறது என்பதை மட்டும் ஐந்து நிமிடம் விசாரித்தார். இருபத்தைந்து வருட மணவாழ்க்கையில் அந்த விடயத்தை என் கணவரிடம்கூட நான் அவ்வளவு விரிவாகப் பேசியதில்லை.

பிறகு, உடம்பில் சூடும் ஈரமும் சேர்ந்து தோலுக்கு வந்திருக்கிறது என்றார். மிசிஸ் ஹான் அதைப் பிரெஞ்சில் விளக்க முயன்றார். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. சூடு என்றால் என்னவென்று எங்களுக்குச் சொல்லியா தரவேண்டும்.

கோழி, பன்றி, பொரித்தது, பாண் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். கடைசியாக மிளகாய்.

"இதை, தினமும் மிளகாய் போட்ட கிம்ச்சி சாப்பிடுகிற ஒருவன் சொல்கிறேன்," என்று சேர்த்துக்கொண்டார். முகத்தில் உண்மையான கவலை.

பத்தியம் இல்லாத மருந்தை எங்கள் ஆட்கள் மதிப்பதில்லை. பட்டியல் நீள நீள எனக்கு நம்பிக்கை கூடியது.

பட்டியலோடு மூன்று கட்டளையும் போட்டார். தோல் வைத்தியரின் பூச்சுமருந்தை நிறுத்தக்கூடாது. தான் எழுதித்தரும் மூலிகைப் பெயர்களைக் குடும்ப வைத்தியரிடமும் மருந்துக் கடையிலும் காட்டவேண்டும். மூன்றாவது, தினமும் காலையில் கையில் எதுவும் படுவதற்கு முன் ஒரு படம் எடுத்து அனுப்பவேண்டும். அதோடு, அன்றன்று கையில் பட்டது எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதவேண்டும்.

"எல்லாவற்றையும்," என்று இரண்டு தடவை சொன்னார்.

மருந்து சில நாட்களில் பெட்டியாக வந்தது. வேரையும் பட்டையையும் மணிக்கணக்காகக் காய்ச்சி வடித்து, கையடக்கமான பைகளில் அடைத்திருந்தார்கள். பையைச் சுடுநீரில் போட்டு வெதுவெதுப்பாக்கி, சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கவேண்டும். நிறம் ஆறிய கோப்பி. ருசியைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். ஆனால் முதல் வாயிலேயே ஒன்றை அடையாளம் கண்டேன். அதிமதுரம். இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதே வேர் கொரியாவுக்கும் போய் வந்திருக்கிறது. மருந்துக் கடைப் பெண் பட்டியலில் அதைப் பார்த்துவிட்டு, அது இரத்த அழுத்தத்தைக் கூட்டலாம், கிழமைக்கு ஒருதரம் பார்த்துக்கொள் என்றாள். பார்த்துக்கொண்டேன்.

என் கணவர் யோகநாதன் ஒரு பையைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

"இதைக் குடிச்சுச் சுகம் வராட்டி, நியாயமே இல்லை," என்றார்.

கொப்பியிலும் ஒழுங்காக எழுதினேன். பல் தேய்க்கும் பசை, வெங்காயம், பேருந்துக் கம்பி, கம்பளிக் கையுறை, துணி அறைத் துவாய்கள். எல்லாம் எழுதினேன். ஒன்றைத் தவிர.

சொல்லாமல் வைத்தது

துணி அறைக்கு அனுப்பிய அந்த வாரத்து வெள்ளிக்கிழமை, கோயிலில் முருகனுக்கு முன்னால் நின்று ஒரு நேர்த்தி வைத்தேன்.

நேர்த்தி வைக்கும்போது நாங்கள் கொஞ்சம் கூடுதலாகத்தான் வாயைத் திறப்போம். சின்ன நேர்த்திக்குப் பெரிய வரம் கேட்க வெட்கம். பூமாலை, அபிஷேகம் எல்லாம் மற்றவர்கள் செய்கிறார்கள். நான் என்ன செய்வேன் என்று யோசித்தபோது, மடப்பள்ளியிலிருந்து கிடாரம் உருளும் சத்தம் கேட்டது.

எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் அன்னதானம். சோறும் சாம்பாரும் சர்க்கரைப் பொங்கலாகிய புக்கையும் அவிக்கிற கிடாரங்கள் ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை உள்ளே உட்காரும் அளவு. அவற்றைக் கழுவ யாருக்கும் விருப்பமில்லை. அடிப்பிடித்த புக்கையைக் கிளப்புவதற்கு ஒரு தனிப் பிடிவாதம் வேண்டும்.

'முருகா, என் கை சுகமாகும் வரைக்கும் ஒவ்வொரு வெள்ளியும் உன் கிடாரங்களை நான் கழுவுகிறேன். வெறுங்கையால் கழுவுகிறேன்.'

வெறுங்கை என்பதை யாரும் கேட்கவில்லை. முருகனும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன், நேர்த்தி கனமாக இருக்கட்டும் என்று.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளி பின்னேரமும் சுடுநீர், சவர்க்காரத் தூள், கம்பித் தும்பு. ஒன்றரை மணித்தியாலம். மடப்பள்ளியைப் பார்க்கும் பெரியவர் கனகண்ணை கையுறையை நீட்டினால், வேண்டாம் என்று தலையாட்டினேன். முடிந்து வெளியே வரும்போது கை இரண்டும் எரியும். அந்த எரிவை, நேர்த்தி மேலே போய்ச் சேர்கிறது என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

கை மோசமானால் அடுத்த வெள்ளி இன்னும் அழுத்தித் தேய்த்தேன். என் பக்தியில் குறையிருக்கிறது என்று நினைத்தேன். ஒளித்துத் தின்ற ஒரு மிளகாய்ப் பொரியலைச் சந்தேகப்பட்டேன். துணி அறைத் தூசியைச் சந்தேகப்பட்டேன். ஒருநாள் பாவம், மிசிஸ் ஹானின் பாலைக்கூடச் சந்தேகப்பட்டேன். கிடாரத்தைச் சந்தேகிக்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

வருடக்கணக்காகக் கிருமிநாசினியோடு வேலை செய்கிறவள், எரிச்சல் எங்கிருந்து வரும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். அந்தப் புத்தியைச் செருப்போடு கோயில் வாசலில் கழற்றி வைத்திருக்கிறேன்.

நேர்த்தியை வெளியே சொன்னால் பலிக்காது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. கணவருக்குச் சொல்லவில்லை. கோயில் வேலைக்கு உதவுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் வெளியே சாப்பிட்டுக்கொண்டிருப்பார். தோல் வைத்தியருக்குச் சொல்லவில்லை. கொப்பியில் எழுதவில்லை.

தண்ணீர்க் கிண்ணம்

இனி மேசைக்கு வரலாம்.

நான் ஒன்றுமில்லை என்றதும் திரு. யூன் வற்புறுத்தவில்லை. படங்களை மெதுவாகச் சேர்த்து ஒரே கட்டாக்கினார்.

"அப்படியானால் மருந்தை நிறுத்துகிறேன்," என்றார். "எதோடு சண்டை போடுகிறது என்று தெரியாமல் மருந்து கொடுப்பது சரியில்லை. உங்களை ஏமாற்றுவது மாதிரி."

எங்கள் பொதுமொழி பாதிப் பிரெஞ்சும் பாதிக் கையசைவும். ஆனாலும் அது தெளிவாக விளங்கியது. வசந்தத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. மருந்தும் போய்விட்டால் துணி அறைதான். மதாம் ஜெர்மேனுடைய தலை நினைவுக்கு வந்தது.

சொன்னேன். நேர்த்தி என்பதற்கு எனக்குப் பிரெஞ்சில் சொல் தெரியாது. கடவுளுக்கு வாக்குக் கொடுத்தேன் என்றேன். பெரிய பாத்திரம் என்று இரண்டு கையையும் அகட்டிக் காட்டினேன். வெறுங்கை என்று விரல்களை விரித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது எப்படி ஒலிக்கிறது என்று கேட்டது. வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய் ஒரு கோப்பை வாற்கோதுமைத் தேநீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"நான் பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் படித்த வருடம்," என்றார், "அம்மா ஒவ்வொரு விடியற்காலையும் முற்றத்தில் ஒரு கிண்ணம் சுத்தத் தண்ணீர் வைத்து, அதற்கு முன்னால் நின்று எனக்காக வேண்டினார். நூறு நாள் என்று வாக்கு. குளிர்காலம். பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அம்மாவுக்கு நெஞ்சுச் சளி கட்டி, கடும் காய்ச்சல். வீட்டில் வேறு யாரும் இல்லை. நான்தான் பார்த்துக்கொண்டேன். பரீட்சைக்குப் போகவில்லை."

"பேந்து?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவருக்கு விளங்கியது.

"அடுத்த வருடம் எழுதினேன். அந்த வருடம் அம்மாவை முற்றத்துக்குப் போக நான் விடவில்லை. கிண்ணத்தை ஜன்னலுக்கு உள்ளே வைக்கச் சொன்னேன்."

நான் கோப்பையை எடுத்து ஒரு வாய் தேநீர் குடித்தேன்.

"உங்கள் கடவுளிடம் நான் ஒன்றும் சொல்ல முடியாது," என்றார். "எனக்குத் தெரிந்தது தோல். வெள்ளிக்கிழமை நிற்கவேண்டும்."

இரண்டாவது ஓட்டுநர்

கீழே காருக்குள் என் கணவர் வானொலியில் ஹொக்கி கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஹொக்கி விளங்காது. யாராவது சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தால் அவருக்குப் போதும்.

நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலையில் ஏறும் வரை பொறுத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வானொலியை நிறுத்தினார்.

"வெறுங்கையாலையோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"ரெண்டு மாசமாவோ?"

"ஓம்."

"உமக்கென்ன விசரே?"

அழுதுவிட்டேன். விசர் என்றதற்காக அல்ல. நேர்த்தியை இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டேன், இனி அது உடைந்ததுதான். முருகனுக்குக் கொடுத்த வாக்கை நிறுத்தினால் கை சுகம் வருமா, வேறு ஏதாவது வருமா என்று பயம். பயம் என்று எழுதுவதற்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. அன்றைக்கு அது பயம்தான்.

அவர் எங்கள் வெளிவழியைத் தவறவிட்டு அடுத்ததில் இறங்கினார்.

"நான் கழுவிறன்," என்றார்.

"நேர்த்தி வைச்ச ஆள்தான் செய்யவேணும்."

"இந்தக் காருக்கு இன்சூரன்ஸிலை ரெண்டு ஓட்டுநர் எண்டு எழுதியிருக்கெல்லோ? நீர் ஓடேலாட்டி நான் ஓடுறன். இதுவும் அப்பிடித்தான்."

"உங்களுக்கு வீட்டுக் கோப்பையே கழுவத் தெரியாது."

"கிடாரம் பெரிசுதானே. அழுக்கு வடிவாத் தெரியும்."

அடுத்த வெள்ளி நான் கனகண்ணையிடம் போய், வெட்கத்தை விட்டு விடயத்தைச் சொன்னேன். முழுதும் கேட்டார். பெரிய அகப்பையால் புக்கையைக் கிண்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"தங்கச்சி, எனக்குச் சட்டி கழுவுப்படவேணும்," என்றார். "முருகனுக்கும் அதுதான் வேணும் எண்டு நினைக்கிறன். ஆரின்ரை கை எண்டு அவர் பாத்துக்கொண்டு நிக்கமாட்டார். போய் இருந்து சாப்பிடு."

நான் சாப்பிடப் போகவில்லை. முதலில் மூலஸ்தானத்துக்கு முன்னால் போய் நின்றேன். 'நான் வைத்தது, அவர் செய்கிறார். கோபிக்காதே' என்று மட்டும் சொன்னேன். பிறகு மடப்பள்ளி வாசலுக்கு வந்தேன்.

உள்ளே என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கை வரை மஞ்சள் இறப்பர்க் கையுறை போட்டு, கிடாரத்துக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தார். உள்ளேயிருந்து அவருடைய மூச்சுச் சத்தம் எதிரொலித்தது. முதல் கிடாரத்துக்கே முக்கால் மணித்தியாலம் எடுத்தார். கனகண்ணை விரலால் வழித்துப் பார்த்துவிட்டு, அதையே திரும்பவும் கழுவச் சொன்னார். என் கணவர் கம்பித் தும்பை எடுத்துக்கொண்டு திரும்பக் கழுவினார். அந்த மனிதரிடம் அப்படியொரு அடக்கத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மறுபடியும் மேல் தளம்

அடுத்த சனிக்கிழமைப் படத்தில் சிவப்பு இருந்தது, ஆனால் குறைவு. அதற்கடுத்த சனிக்கிழமை, மற்ற நாட்களைப் போல ஒரு நாள். ஏப்ரலில் பனி உருகி ஓடும்போது வெடிப்புகள் மூடிவிட்டன. புதுத் தோல் மெல்லியதாக, பளபளப்பாக இருந்தது. பொறுப்புத் தாதி என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கையுறைக்குள் பருத்திக் கையுறை போடவேண்டும், வேறு சவர்க்காரம் பாவிக்கவேண்டும் என்ற நிபந்தனைகளோடு, "திங்கட்கிழமை மேலே வா," என்றார்.

கை சுகமான செய்தி தொலைபேசி வழியாக உலகம் சுற்றியது. வேப்பிலை பூசினாய்தானே என்றார் பெரிய மச்சாள். கத்தரிக்காயை நிறுத்தியதுதான் காரணம் என்றார் சின்ன மச்சாள். தோல் வைத்தியர் தன் பூச்சுமருந்தில் திருப்தி தெரிவித்தார். மிசிஸ் ஹான் பால் பையை மேசையில் வைக்காமல் என் கையிலேயே தந்து, "பார்த்தாயா," என்றார்.

திரு. யூனிடம் நேராகவே கேட்டேன். எது சுகப்படுத்தியது?

"எனக்குத் தெரியாது," என்றார். "சிலருக்கு இந்த மருந்து உதவுகிறது. சிலருக்கு இல்லை. உங்களுக்கு மருந்தும் இருந்தது, பூச்சும் இருந்தது, வெள்ளிக்கிழமையும் நின்றது, குளிரும் போனது. நான்தான் செய்தேன் என்று சொன்னால் அடுத்த ஆளுக்குப் பிழையான வைத்தியம் செய்வேன்."

இதை வாசித்துவிட்டு, எக்சிமாவுக்குக் கொரிய மருந்து நல்லதா என்று கேட்டுக் கடிதம் எழுத நினைப்பவர்களுக்கு என்னிடமும் அந்தப் பதில்தான் இருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்வேன். எந்த வைத்தியரிடம் போனாலும், வெள்ளிக்கிழமையையும் சொல்லிவிடுங்கள்.

திங்கட்கிழமை காலை மதாம் ஜெர்மேனின் அறைக் கதவைத் தட்டினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தலைமுடி எண்ணெய்ப் பிசுக்காகத் திரிதிரியாக இருந்தது. யாரோ ஈரத் துணியால் துடைத்து மட்டும் விட்டிருக்கிறார்கள். என்னை மேலிருந்து கீழே பார்த்தார். அடையாளம் தெரிகிறதோ என்று நான் தயங்கினேன்.

"பிந்தி வந்திருக்கிறாய்," என்றார். பழைய ஆசிரியைக் குரல்.

மூன்று மாதம் பிந்தியிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். பிறகு பேசாமல் தண்ணீரின் சூட்டை மணிக்கட்டில் பார்த்து, அவருடைய தலையைக் கழுவினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது குளிர்காலம் வந்தால் விரல் இடுக்கில் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். பூச்சுமருந்து பூசுகிறேன், அடங்கிவிடுகிறது. கொரிய மருந்தை அந்தக் கோடையோடு நிறுத்திவிட்டோம். திரு. யூனுக்குத் தைப்பொங்கலுக்குப் புக்கை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கிடாரத்தில் அவித்ததா என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுகிறார்.

நேர்த்தி, கை சுகமாகும் வரைக்கும்தான். அது நிறைவேறி இரண்டு வருடமாகிறது. ஆனால் என் கணவர் இன்னும் வெள்ளிக்கிழமை தவறாமல் மடப்பள்ளிக்குப் போகிறார். சொந்தமாக ஒரு சோடி கையுறை வைத்திருக்கிறார். இப்போது ஒரு கிடாரத்துக்கு அவருக்கு இருபது நிமிடம்தான்.

"அதுதான் முடிஞ்சுதே, இன்னும் ஏன் போறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உம்மடை முடிஞ்சுது," என்றார். "என்ரை வேறை."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார், எதையும் வயிற்றில் வைத்திருக்கத் தெரியாத மனிதர். சொன்னால் பலிக்காது. எனக்குத் தெரியவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு வெள்ளி பின்னேரமும் கோயிலுக்குப் புறப்பட நான் காரில் ஏறியதும், அவர் சாவியைத் திருப்புவதற்கு முன் உள்விளக்கைப் போட்டு, என் இரண்டு கையையும் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறார். பார்த்துவிட்டுத்தான் காரை எடுக்கிறார்.